தையல் போட்ட முட்டி

எங்க வீட்டுக்காரரை வேலை செய்யற இடத்துல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. ரசமட்டம்னுதான் கூப்பிடுவாங்க, தரை மட்டமா இருக்கான்னு பாக்குற கருவியோட பேர். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவத்துல போட்டோ கோணலா மாட்டியிருந்தா இவருக்குக் கை சும்மா இருக்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டுல கூட நிமித்தி வெச்சு என் மானத்தை வாங்கினவர்.

தரைக்கு டைல்ஸ் ஒட்டுறதுதான் தொழில். இருபத்திரண்டு வருஷம். காலையில குத்துக்கால் போட்டு உக்காந்தார்னா, உள்சுவத்துலேருந்து வாசப்படி வரைக்கும் பின்னாலயே நகர்ந்து வருவார். நடுவுல ஒரு டீ, அவ்வளவுதான். அப்படி ஒருநாள் உக்காந்த வாக்குல பெரிய டைல்ஸ் கல்லைத் தூக்கிட்டுச் சட்டுனு திரும்பியிருக்கார். முட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம். அப்புறம் காலை நீட்டவே முடியல. கூட வேலை செய்யற என் தம்பிதான் மடிஞ்ச காலோட அப்படியே தூக்கிட்டு வந்தான்.

ஸ்கேன் பாத்த டாக்டர், ஜவ்வு கிழிஞ்சு ஒரு துண்டு மூட்டு நடுவுல மாட்டிக்கிச்சுன்னார். காகிதத்துல படமும் போட்டுக் காட்டினார். தொடை எலும்போட முனை உருண்டை, கீழ் எலும்போட தலை தட்டை. நடுவுல பிறை மாதிரி ரெண்டு ஜவ்வு உக்காந்து பாரத்தைப் பரப்பி விடுது. கிழிஞ்சதை வெட்டி எடுத்துட்டா சில வாரத்துல வேலைக்குப் போகலாம், ஆனா பாரமெல்லாம் ஒரே இடத்துல விழுந்து நாளாவட்டத்துல எலும்பு தேயும். தையல் போட்டா ஜவ்வு பிழைக்கும், ஆனா ஆறு வாரம் ஊன்றுகோல், நாலு மாசத்துக்குக் குத்துக்கால் போடவே கூடாது. "காலை முழுசா மடக்கினா மேல் எலும்பு பின்னால உருண்டு ஜவ்வை அழுத்தும். தையல் தாங்காது, தெரிஞ்சுக்கோங்க"ன்னார்.

வெட்டித் தொலைச்சுட்டு வேலையைப் பாக்கலாமேன்னு நான் சொன்னேன். இவர் கேக்கல.

"கல்லுக்கு அடியில முழுசா கலவை பூசாம, அங்கொண்ணு இங்கொண்ணு வெச்சு ஒட்டினா என்ன ஆகும்? கட்டில் காலை வெச்சதும் விரிசல் விடும். என் முட்டியில அந்த வேலை வேணாம். தையலே போடுங்க டாக்டர்."

போட்டாங்க. ஆறு வாரம் சொன்ன பேச்சைக் கேட்டார், பொய் சொல்லக் கூடாது. ஊன்றுகோலை விட்டப்புறம்தான் எனக்குச் சனி பிடிச்சுது. நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான் எண்ணெய் ஊத்துறது அதிகம், துணி காயப் போடுறது கோணல்னு நாள் பூரா நச்சு. ஒம்பதாவது வாரம் எனக்குப் பொறுமை போயிடுச்சு.

"ஏங்க, என் உயிரை வாங்காதீங்க! தம்பி வேலை செய்யற வீடு அடுத்த தெருவுலதானே இருக்கு? போய் நின்னு பாத்துட்டு வாங்க!"

"நின்னு பாத்தா என்ன தெரியும்?"

"தெரியற வரைக்கும் போதும், கிளம்புங்க!"

ஒட்டின கல் ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு நின்னா தெரியாது. கண்ணைத் தரையோட தரையா வெச்சு, வெளிச்சத்துக்கு எதிர்ல பாக்கணும். இவரோட இத்தனை வருஷம் குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அனுப்பினேன். ரெண்டு மணி நேரம் வீடு அமைதியா இருந்தா போதும்னு இருந்தது.

தம்பி அப்புறம் சொன்னான். கால் மணி நேரம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாராம். "மச்சான், அந்த மூணாவது வரிசை..."ன்னு ஆரம்பிச்சிருக்கார். "மாமா, வேணாம்!"னு இவன் கத்தறதுக்குள்ள உக்காந்துட்டார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், யார் சொல்லிக் கேக்கும்? குனிஞ்சு பாத்துட்டு, "சரியாத்தான் இருக்கு"ன்னாராம். எழுந்திருக்க முடியல.

எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டப்ப, "குளியலறையில வழுக்கிட்டேன்"னுட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "ஈரத்தைத் துடைச்சு வைக்கக் கூடாதாம்மா?"ன்னு கடிஞ்சுக்கிட்டார். நானும் சரின்னு தலையாட்டி வெச்சேன். இந்தத் தடவை ஜவ்வு நார்நாராப் போயிருந்தது, ஊசி பிடிக்க இடமில்லை. பாதிக்கு மேல வெட்டி எடுத்துட்டாங்க. இனிமே குத்துக்கால் வேலை கிடையாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க.

இப்ப தம்பி ஒட்டுறான், இவர் மெஷின்கிட்ட நின்னு கல் வெட்டிக் குடுக்குறார். சாயங்காலம் வந்தா முட்டி வீங்கியிருக்கும். மாடிப்படி இறங்கும்போது பல்லைக் கடிக்கிறது எனக்குத் தெரியும்.

நேத்து அவர் காலை மடியில வெச்சு ஐஸ் ஒத்தடம் குடுத்துக்கிட்டிருந்தேன். மனசு தாங்கல. "நான்தானே துரத்தி விட்டேன். ஒரு தடவையாவது திட்டிடுங்களேன்"னேன்.

"வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்ல? நீயும் அதையே நம்பிக்கோ."

"நீங்க நம்புறீங்களா?"

காலை மெதுவா என் மடியிலேருந்து எடுத்துக்கிட்டார்.