வாளியில் போன மீன்கள்

நடுவட்டம் என்ற மலையூருக்குப் பக்கத்தில், தேயிலை விலை விழுந்து மூடிக்கிடந்த ஃபாக்டரி ஒன்றுக்கு அவர் வாட்ச்மேன். மெலிந்த உடம்பு, காதை மூடிய மப்ளர். கொழுந்து வராவிட்டாலும் தினமும் காலையில் எடைத் தராசைத் துடைத்துவைப்பார்.

ஃபாக்டரிக்குப் பின்னால் ஓடும் ஓடையிலும் மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஓடையிலும் விரல்நீள மீன்களைப் பிடித்து, மரபணுச் சோதனைக்காகத் துடுப்பு நுனியைக் கத்தரித்துவிட்டுத் திரும்ப விடுவது என் வேலை. "ரெண்டும் ஒரே வம்சம், பிரிஞ்சு பல காலம் ஆச்சு, எவ்வளவு மாறிப்போச்சுன்னு பார்க்கிறேன்" என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த கோடையில் போனபோது அவரே ஆரம்பித்தார்.

"இந்தப் பக்கத்து மீனை நாலு வாளி அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டேனுங்க. நாங்க சிலோன்லேருந்து இங்க திரும்பி வந்தப்ப என் தங்கச்சி அங்கயே நின்னுட்டா. பிரிஞ்சு கெடக்குறது என்னான்னு எனக்குத் தெரியுமுங்க."

இதற்குள் கலந்து குஞ்சு பொரித்திருக்கும்; இனி எந்த மீன் எந்த ஓடையுடையது என்று சொல்ல முடியாது. இரண்டு வருட வேலை போயிற்று. குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் பால் இல்லாத தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஒண்ணுக்கொண்ணு அடையாளம் தெரிஞ்சிருக்குமாங்க?"

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

நம்பினாரா என்று தெரியவில்லை. எழுந்துபோய், காலையில் துடைத்த தராசையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.