விருந்தாளிக் கிண்ணம்

சிஸுருவுக்கு வாய்தான் நீளம், மனசு வெல்லக்கட்டி என்று அவள் வேலை பார்க்கும் சலவைக்கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். சட்டையில் சாஸ் கறையோடு வருகிறவரை, "சாப்பிட்டது நீங்களா, உங்க சட்டையா?" என்று கேட்டுவிட்டுக் கறையைப் பொறுமையாக எடுத்துக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜப்பானின் மத்சுயாமா நகர டிராமில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கணவர் ஹிதேயோ அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். நமக்கேன் வம்பு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரணம் எதிர் இருக்கையில் இருந்தது. மங்கோலியாவிலிருந்து படிக்க வந்து, இலையுதிர் காலம் தொட்டு இவர்கள் வீட்டில் தங்கியிருக்கும் நோமின். முந்தின நாள் அவள் தலை குனிந்து, "ஏப்ரல்லேர்ந்து காலேஜ் விடுதிக்குப் போயிடறேன். உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்" என்றாள். "அப்படியா, நல்லது" என்று சிஸுருவும் குனிந்தாள். போகாதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த ஊர் மரியாதை அப்படி. நெஞ்சு வெடித்தாலும் குனிந்துகொண்டுதான் வெடிக்க வேண்டும்.

என்ன குறை வைத்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. மீனில் நடுத்துண்டு நோமினுக்கு. தொட்டியில் நிரப்பிய சுடுநீரில் முதல் குளியல் அவளுக்கு. அதே தண்ணீரில்தான் வீட்டார் பிறகு ஒவ்வொருவராக முங்குவார்கள். தங்க விளிம்பு வைத்த கிண்ணத்தில் அவளுக்குச் சோறு. நகோயாவில் இருக்கும் பெற்ற மகன் வந்தால்கூட அந்தக் கிண்ணத்தைத் தொட முடியாது.

கடைவீதியில் விடுதிக்கென்று விரிப்பும் துண்டும் வாங்கினார்கள். பைகள் ஹிதேயோவின் கைக்குப் போயின. பீங்கான் கடை வந்ததும் நோமின் நின்றாள். நீலப் பூப்போட்ட தடித்த வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிண்ணம் எதுக்கு? வீட்ல இருக்கறதுல ஒண்ணை எடுத்துட்டுப் போயேன்" என்றாள் சிஸுரு.

"இல்ல சிஸுரு சான். எனக்குன்னு ஒண்ணு வேணும். உங்களுக்கெல்லாம் இருக்கே, அது மாதிரி."

ஹிதேயோ சிரித்தார். "என்னோடது வாய் உடைஞ்ச கிண்ணம்மா. வீட்லயே ஒசத்தி உன்னோடதுதான். விருந்தாளிக்குன்னே வாங்கினது!"

"தெரியும். புத்தாண்டுக்கு உங்க பையன் வந்தப்போ, பரண் மேலேர்ந்து அவரோட பழைய கிண்ணத்தைத் தேடி எடுத்தீங்க. எனக்கு அப்பவும் விருந்தாளிக் கிண்ணந்தான்."

குறை சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. அதனால்தான் சிஸுருவுக்குச் சுருக்கென்று தைத்தது. பால் பல் முளைத்த குழந்தைக்குக்கூடத் தனக்கென்று ஒரு கிண்ணமும் சாப்பிடும் குச்சியும் இருக்கும் ஊர் அது. மரியாதை, மரியாதை என்று அந்தப் பெண்ணை இத்தனை மாதமும் வாசற்படியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள்! ஊரார் சட்டைக் கறையெல்லாம் தெரிகிற கண்ணுக்கு இது தெரியவில்லை.

"பரிசுக்குங்களா, வீட்டுக்குங்களா?" என்று கேட்டபடி கடைக்காரி வண்ணத்தாளை எடுத்தாள்.

"வீட்டுக்கு" என்றாள் சிஸுரு, நோமினை முந்திக்கொண்டு. "பழைய பேப்பர்ல சுத்துங்க, போதும்." பிறகு நோமின் பக்கம் திரும்பினாள். "இந்தா பாரு. இன்னைலேர்ந்து முதல்ல அவர் குளிப்பார், அப்புறம் நான், கடைசியா நீ. கடைசியா குளிக்கறவதான் தொட்டியைத் தேய்ச்சுக் கழுவணும். மீன்ல வால் துண்டு வந்தா வால் துண்டுதான். இஷ்டம்னா எங்களோட இரு. கஷ்டம்னா விடுதிக்குப் போ."

ஹிதேயோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பும்போது டிராமில் நோமின் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தாள். அவசரப்பட்டு வாயை விட்டோமோ என்று சிஸுரு வழியெல்லாம் தவித்தாள்.

சாயங்காலம் குளியலறையிலிருந்து தொட்டி தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு தலை ஈரத்தோடு நோமின் சமையலறைக்கு வந்தாள். முகம் சுளித்திருந்தது.

"தண்ணி ஆறியே போச்சு. ரெண்டு பேரும் அவ்வளவு நேரமா ஊறுவீங்க? தினம் இப்படின்னா நான் எப்படிக் குளிக்கறது?"

அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் குறை அதுதான்.

"தினமுமா? அப்போ விடுதி?" என்றாள் சிஸுரு மெல்ல.

"நாளைக்குப் போய் வேண்டாம்னு சொல்லணும்."

சிஸுருவுக்குக் கண் நிரம்பிவிட்டது. சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பி, புதுக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டாள்.

"தொட்டி மூலையெல்லாம் ஒழுங்கா தேய்ச்சியா?" என்று அதட்டினாள்.