மங்கலத்தின் கால் சுவிட்ச்

மங்கலத்துக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணமான நாள் முதல் புருஷன் கையால் அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதைப் பட்டென்று சொல்லிவிடுவதுதான் நல்லது. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த அவள் புருஷன் குற்றாலலிங்கம், கடையில் தங்கமான மனுஷர். வாங்க வந்தவர்களிடம் குரல் உயர்த்தியதில்லை. அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடுகிறவர்கள்கூட அந்த வேகத்தில் கை ஓங்குவதில்லை. ஒருமுறை அறைந்ததில் அவளுடைய இடது காது போயிற்று. அப்போதும் சொந்தக்காரர்கள் அவளைக் கொடுத்து வைத்தவள் என்றுதான் சொன்னார்கள். நாசமாய்ப் போன சொந்தம்.

கடையை விற்றுவிட்டு அவர் முழுநேரமும் வீட்டில் இருக்கத் தொடங்கியபோது, மகள் ரேஷ்மி அம்மாவுக்கு ஒரு ஸ்க்ரோல் சா வாங்கி அனுப்பினாள். பார்க்கத் தையல் மெஷின் மாதிரிதான். ஊசிக்குப் பதிலாக மெல்லிய ரம்பத்தகடு மேலும் கீழும் ஓடும். காலடியில் சுவிட்ச், மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். தைத்துப் பழகிய காலுக்கு அது சீக்கிரமே வசப்பட்டது. யூடியூப் பார்த்துப் பார்த்து மயில், தாமரை, குத்துவிளக்கு என்று பலகையில் வெட்டித் தள்ளினாள். அதைவிட அவளுக்குப் பிடித்தது கூடவே வந்த காதுமூடி. போட்டுக்கொண்டால் ரம்பமும் கேட்காது, குற்றாலலிங்கமும் கேட்கமாட்டார். வயதான காலத்தில் இப்படி ஒரு சுகம் கிடைக்குமென்று அவள் நினைத்ததே இல்லை.

அன்றைக்கு மாடி அறையில் ரேஷ்மியின் புது வீட்டுக்குப் பெயர்ப்பலகை வெட்டிக்கொண்டிருந்தாள். எழுத்தின் உள்வட்டத்தை வெட்டுவதென்றால் பலகையில் துளை போட்டு, தகட்டை அதற்குள் கோத்து, இரண்டு முனையையும் முடுக்க வேண்டும். முடுக்கிவிட்டால், தகட்டை அவிழ்க்காமல் பலகை வெளியே வராது.

கீழே குற்றாலலிங்கம் காப்பி கேட்டுக் கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. மாடியேறி வந்து முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார். அதுவும் கேட்கவில்லை. அப்படியோர் அவமானத்தை அவர் ஆயுளில் கண்டதில்லை. காதுமூடியைப் பிய்த்தெறிந்து, அவளுடைய நல்ல காதைப் பார்த்து அறைந்தார்.

“ஏட்டி, எத்தன நேரமாட்டு விளிக்கேன்? செவி அடஞ்சு போச்சா?”

“அடிக்காதீங்கோ. கேக்கல்ல.”

“இந்த வெரலு இருக்கக்கொண்டுதானே இந்த வெளையாட்டெல்லாம்?”

அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த தகட்டை நோக்கித் தள்ளினார். “வேண்டாம், வேண்டாம்” என்று கதறினாள். தகடு ஆள்காட்டி விரலைத் தொட்டது. நகம் பிளந்து ரத்தம் பலகையில் தெறித்தது. அப்போதுதான் காலை எடுக்க வேண்டும் என்பதே அவளுக்கு உறைத்தது. எடுத்தாள். மெஷின் நின்றது.

மெஷின் கெட்டுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். “தொலைஞ்சுது சனியன்” என்று பலகையைப் பிடித்து இழுத்தார். உடைத்துப் போட வேண்டுமென்ற வெறி. கோத்த தகடு விடவில்லை. தகட்டை ஒட்டியே பலகைக்கு அடியில் விரல்களைக் கொடுத்து நெம்பினார்.

மங்கலம் அதைப் பார்த்தாள். பார்த்து, வேண்டுமென்றேதான் மிதித்தாள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அமுக்கிப் பிடிக்காத பலகையைத் தகடு தூக்கித் தூக்கி அடிக்கும். பலகைக்கும் மேஜைக்கும் நடுவில் அவர் விரல்கள் நசுங்கின. தகடு நடுவிரலை எலும்புவரை அறுத்தது. அவர் போட்ட அலறல் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

“நிறுத்துட்டி! நிறுத்து, நிறுத்து!”

காலை எடுத்தாள். வளைந்த தகடு அவர் விரலைப் பலகையோடு சேர்த்துக் கவ்வியிருந்தது.

“நீங்க சொன்ன ஒடனே நான் நிறுத்திட்டேன்,” என்றாள். “முப்பத்தெட்டு வருஷமா நானும் சொன்னேன். ஒரு தடவையாவது நிறுத்துனியளா?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவிட்சுக்கு ஒரு விரற்கடை மேலே நின்ற அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால அங்க இருந்து மாத்து, மங்கலம்,” என்றார். அவர் தன்னைக் கடைசியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

தகட்டை அவிழ்த்து விரலை எடுத்துவிட்டாள். துண்டால் இறுகச் சுற்றினாள். பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்கள். எப்போதும் சீட்டின் நடுவில் காலை அகட்டி உட்கார்ந்து அவளை மூலையில் ஒடுக்குகிறவர், அன்றைக்கு ஓரத்துக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவள் கால் தன்மேல் படாத தூரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.