சாதா டயரும் ஒரு குமிழும்

கார் வந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்த அன்று நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெயர் பதிந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அறுபதுகளில் காருக்குக் காத்திருப்பது பெண்ணுக்கு வரன் பார்ப்பதைவிட நீளமான வேலை. பதியும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்கள் பெண், கடிதம் வரும்போது கல்யாணமாகி பம்பாய்க்குப் போயிருந்தாள். நாட்டில் கிடைத்ததே மூன்று தினுசுக் கார்கள். அதில் சின்னதும் துடுக்கானதுமான ஒன்றுக்குத்தான் இவர் பெயர் கொடுத்திருந்தார். திருச்சி கோர்ட்டில் வக்கீல். ஜெயித்த கேஸைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். முக்கொம்பு ரோட்டில் ஒரு பஸ்ஸை முந்தியதை நாலு நாள் பேசுவார். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய கார் ஒன்று வெகுநாள் எங்களிடம் இருந்தது. அது உட்கார்ந்துபோன பிறகு, புதுக் கார் எப்போது வரும் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

கடிதம் வருவதற்கு முந்தைய புரட்டாசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து தீர்த்த டம்ளர் நழுவியது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கால் மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. கை வரவில்லை. தூக்க முடியும், நீட்ட முடியும், எதையும் இறுகப் பிடிக்க முடியாது. விரல்கள் மடங்கினால் அப்படியே நிற்கும். கோர்ட்டில் கறுப்பு கவுனுக்குள் கையை வைத்துக்கொண்டே வாதாடினார். யார் கேட்டாலும், "ஆயிடுத்து, தொண்ணூறு பங்கு ஆயிடுத்து" என்பார். சாப்பிடும்போது இடது கையால் எடுக்கிற டம்ளரில் நான் பாதிதான் ஊற்றுவேன். ஏன் பாதி என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஒரு வருஷம் இப்படியே ஓட்டினோம்.

இதில் என் முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்ரீரங்கத்தில் வேண்டிக்கொள்வது ஒருத்தர், நிறைவேற்றுவது இன்னொருத்தர் என்பது சர்வசாதாரணம். புருஷனுக்கு ஜுரம் விட்டால் புருஷனே அங்கப்பிரதட்சிணம் செய்வதாகப் பெண்டாட்டி வேண்டிக்கொள்வாள். அவர் எழுந்து நடந்ததும், "உங்களுக்கு வேண்டிண்டிருக்கேன்" என்று கூசாமல் சொல்வாள். அவரும் விடியற்காலையில் ஈர வேஷ்டியோடு உருளுவார். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தபோது நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். 'பெருமாளே, புதுக் கார் வந்ததும் இவரே ஓட்டிண்டு நாலு சித்திரை வீதியும் சுத்தி உன் வாசலுக்கு வரணும்.' அவருக்குப் பேச்சு வந்ததும் முதல் வேலையாக அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். தெம்பு வரட்டுமே என்று. தெம்பு வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

கண்டோன்மென்டில் இருந்த ஷோரூமுக்கு இருவரும் போனோம். பேச்சு சாமர்த்தியமுள்ள சின்ன வயது விற்பனைக்காரர் ஒருவர் வந்து நின்றார். வண்டி சாம்பல் நிறம். அதில் நமக்குச் சாய்ஸ் கிடையாது. வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்றதில் இருந்தது. ரேடியோ வைத்துக்கொள்ளலாம். டயரில் மூன்று விதம். விளிம்பில் வெள்ளைப் பட்டை போட்டது, பார்க்க லட்சணம். கிராமத்து ரோட்டுக்கென்று தடித்த பட்டன் டயர். அப்புறம் நீளவாக்கில் கோடு போட்ட சாதா டயர், கொஞ்சம் ஒல்லி.

வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது. ரேடியோவின் மேலும் வந்தது. ஏழு வருஷம் காத்திருந்து வாங்குகிற கார் மொட்டையாகவா வீட்டுக்கு வர வேண்டும்?

இவர் மூன்று டயரையும் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் பார்க்க வந்தவர்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்கமாட்டார். ஆனால் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"இதைப் போட்டா ஸ்டியரிங் கனக்குமா?"

"கொஞ்சம் கனக்கும் சார். ஆனா ரோட்டை நல்லாப் பிடிக்கும். மழைக்காலத்துல சறுக்காது" என்றார் விற்பனைக்காரர்.

"அது கனக்குமா?"

"எல்லாம் பழகிடுங்க சார்."

"எது ரொம்ப லேசா இருக்கும்?"

சாதா டயர்தான் என்றார் அவர், சுரத்தில்லாமல். அதையே போடச் சொன்னார் இவர். காற்றும் கம்பெனி சொல்வதைவிட ஆறு பவுண்டு கூட அடிக்கச் சொன்னார். விற்பனைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தி அடிச்சா வண்டி தூக்கித் தூக்கிப் போடும், சார். பின்னாடி உக்கார்றவங்களுக்கு இடுப்பு போயிடும்" என்றார்.

"ஓட்டறவனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப அடிங்கோ."

ரேடியோவைப் பற்றி நான் வாயைத் திறந்தேன். "ஓட்டறவனுக்கு எதுக்குடி ரேடியோ? எஞ்சின் சத்தம் காதில விழ வேண்டாமா?" என்றார். நான் உட்காருகிறவள், எனக்குக் காது இருக்கிறது என்று சொல்ல வந்தேன். கடையில் வைத்து வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்கு முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். கஞ்சத்தனம், வக்கீல் புத்தி, எல்லாவற்றிலும் மட்டமானதாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று மனதுக்குள் பொரிந்து தள்ளினேன்.

அந்த வாரமே பாலக்கரையில் ஒரு டயர் கடைக்கு என்னை அழைத்துப் போனார். கடைக்காரர் ஒரு பாய். ஸ்டியரிங்கில் திருகி மாட்டுகிற குமிழ் ஒன்று இவருக்கு வேண்டுமாம். லாரிகளில் பார்த்திருப்பீர்கள், பம்பரம்போல் கைக்குள் அடங்கும். பாய் இரண்டு மூன்று எடுத்து வைத்தார். இவர் ஒவ்வொன்றையும் வலது கையில் பிடித்து, காற்றில் வட்டம் போட்டுப் பார்த்தார். தெருவில் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் போக, அவரிடம் பேச இவர் வெளியே போனார்.

பாய் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் குமிழ் லாரிக்காரங்க ஒத்தைக் கையால திருப்புறதுக்கு மாட்டுறது. காருக்கு யாரும் கேட்டதில்லீங்க. சாருக்கு இடது கையில ஏதும் சுகமில்லீங்களா?"

எனக்கு முகம் சுட்டது. ஒல்லி டயர், கூடுதல் காற்று, குமிழ். மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு டயர் கடை பாய் தேவைப்பட்டிருக்கிறார். இவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஒரு கையால் ஓட்டுவதற்கு ஒரு வண்டியைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல பாய். தொண்ணூறு பங்கு ஆயிடுத்து" என்றேன். அந்தப் பொய் என் வாயிலும் அவ்வளவு சரளமாக வந்தது.

பாய் தலையை ஆட்டினார். "அல்லா காப்பாத்துவான். ஆனா கியரு எந்தக் கையிலம்மா போடுவாரு?"

அதற்கான பதிலை மறுநாள் மத்தியானம் பார்த்தேன். நான் பக்கத்து வீட்டிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் கவிழ்த்த பித்தளைத் தாம்பாளம், அது ஸ்டியரிங். அதற்கு இடது பக்கமாகக் குடை ஒன்றைக் கட்டியிருந்தார். அந்தக் காருக்குக் கியர் தண்டு ஸ்டியரிங்குக்குக் கீழேயே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இடது காலால் தரையை அழுத்துவார், அது கிளட்ச். வலது கையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து, குறுக்கே கொண்டுபோய்க் குடையை இழுப்பார். மறுபடி தாம்பாளத்துக்கு வருவார். அந்த நேரத்தில் தாம்பாளத்தை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இடது கை மடியில் கிடந்தது. வேர்த்துக் கொட்டியிருந்தது அவருக்கு.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். "ஒரு டிரைவர் வெச்சுக்கலாம்னா! யார் என்ன சொல்லப்போறா?"

அவர் அவசரப்படாமல் குடையை அவிழ்த்தார். "நீதானே வேண்டிண்டே? அவரே ஓட்டிண்டு வரணும்னு."

"நான் மாத்தி வேண்டிக்கறேன்."

"பெருமாள்கிட்டயே வாய்தா வாங்கறயா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. வேண்டுதலை விட்டால் அவருக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரு பயம். விடாவிட்டால் வீதியில் யாராவது அடிபடுவார்களோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் நான் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது.

வண்டியை ஷோரூம் டிரைவர்தான் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து தெற்குச் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். சாம்பல் நிறம் வெயிலில் அழகாகத்தான் இருந்தது. இவர் பஞ்சகச்சம் கட்டி, திருமண் இட்டுக்கொண்டு, வலது பக்கம் ஏறினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன் சீட்டு ஒரே பெஞ்சு. குமிழ் ஸ்டியரிங்கில் பளபளத்தது.

தெற்கு வீதியில் முதல் கியரிலேயே போனோம். எஞ்சின் உறுமியது, தெருவே திரும்பிப் பார்த்தது. மேற்கு வீதியின் திருப்பத்தைக் குமிழைப் பிடித்து அழகாகத் திருப்பினார். பழைய மனுஷர் ஒரு கணம் வந்து போனதுபோல் இருந்தது. எனக்கே பெருமையாகிவிட்டது. அப்புறம் இரண்டாவது கியருக்காகக் குமிழை விட்டார்.

காற்று விறைத்த அந்த ஒல்லி டயர் ஒரு கல்லில் ஏறித் துள்ளியது. வண்டி இடது பக்கம் ஓடியது. அங்கே ஒரு அம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் முறம் ஒன்றுதான் இருந்தது. அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தாள். அரிசி முழுக்கத் தெருவில் கிடந்தது.

கூட்டம் சேர்ந்தது. "புது வண்டி, அப்படித்தான் சார்" என்று யாரோ சொன்னார்கள். இவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"முடியலடி."

ஒரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டதும் அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

அவருடைய இடது கையைத் தூக்கிக் கியர் தண்டின்மேல் வைத்தேன். அதன்மேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "எந்தப் பக்கம் இழுக்கணும்? சொல்லுங்கோ" என்றேன். அவர் எஞ்சினை மறுபடி கிளப்பினார். அப்புறம் கிளட்சை மிதித்துக்கொண்டு, "உன் பக்கம் இழுக்காதே. மேலே தூக்கு" என்றார். மேற்கு வீதியின் மிச்சம், வடக்கு, கிழக்கு, மறுபடி தெற்கு. அவர் சொல்லச் சொல்ல நான் தூக்கினேன், இறக்கினேன். இரண்டு தடவை கியர் பல் கடிக்கிற சத்தம் வந்தது. அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபுர வாசலில் பட்டர் மாலை போட்டு, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அதையும் இரண்டு பேருமாகத்தான் நசுக்கினோம். "பிரார்த்தனை பூர்த்தியாயிடுத்து" என்றார் பட்டர். பூர்த்தியாயிற்றா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் இறங்குமுன் அவர் குமிழை வலது கையாலேயே திருகிக் கழற்றினார். என் மடியில் வைத்தார்.

"ஒரு டிரைவரைப் பார்க்கச் சொல்லு. காத்தைக் குறைச்சுடச் சொல்லு, உன் இடுப்பு போயிடும். ரேடியோவும் போட்டுடச் சொல்லு."

"ரேடியோ இப்ப எதுக்குன்னா?"

"பின்னாடி உக்கார்றவன் வேற என்ன பண்ணுவான்?"

எல்லாம் நடந்தது. ரேடியோ வந்தது, நல்ல டிரைவரும் அமைந்தார். தினமும் கோர்ட்டுக்குப் பின் சீட்டில் போய் வந்தார். அவர் கோர்ட்டில் இறங்கிக்கொள்வார். அப்புறம் நான் கடைத்தெருவுக்குப் போவேன். டிரைவர் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இவருடைய இடது கால், கிளட்சை மிதிப்பதுபோல், கீழே கிடந்த விரிப்பை ஒரு அழுத்து அழுத்தும். அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல்வேன்.