நூலக அட்டைக்கு ஒரு பிணையாளி

என் கணவருக்குக் கொழும்புக்கு மாற்றல் வந்தபோது மதுரையிலிருந்து நாங்கள் நான்கு பெட்டிகளுடன் புறப்பட்டோம். எடைக் கட்டுப்பாட்டில் முதலில் பலியானவை என் புத்தகங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மாடிவீடு கிடைத்தது. நடந்துபோகும் தூரத்தில் ஒரு பொது நூலகம் இருந்தது. முதல் வாரமே அங்கே போய் உறுப்பினர் படிவம் கேட்டேன்.

மேசையில் இருந்த பெண் என் கடவுச்சீட்டையும் வதிவிட விசாவையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க இருந்து வாசிக்கலாம் மிஸ். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு கேரண்டர் வேணும். அது இல்லாமல் ஏலாது."

கொழும்பில் சொந்த வீடு வைத்து ஆதன வரி கட்டுகிற ஒருவர் எனக்காகப் பிணைக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வெளிநாட்டுக்காரி புத்தகத்தோடு ஓடிவிட்டால் பிடிப்பதற்கு உள்ளூரில் ஓர் ஆள் வேண்டாமா?

எனக்குத் தெரிந்த சொந்த வீட்டுக்காரர் ஒருவர்தான் இருந்தார். கீழ்வீட்டில் குடியிருந்த எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். எழுபது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்ததாகச் சொல்வார். என்ன பதவி என்று மட்டும் சொல்லமாட்டார். படிவத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிறிய எழுத்துகள் உட்பட முழுவதையும் வாசித்தார்.

"பிணை எண்டா விளையாட்டில்லைப் பிள்ளை. நீங்கள் நாளைக்குப் பிளேன் ஏறிப் போயிடுவியள். ஆர் பதில் சொல்றது?"

"மூணு புத்தகம்தான் அங்கிள் எடுக்க விடுவாங்க."

"மூண்டோ முப்பதோ, கையெழுத்து கையெழுத்துத்தானே."

மூன்று வாரம் யோசித்தார். என் கடவுச்சீட்டின் நகலையும், என் கணவரின் வேலைக் கடிதத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஏதோ ஒரு நல்ல நாளில், பேனாவை இரண்டு முறை உதறிவிட்டு, அணைக்கட்டுக்கு அனுமதி கொடுப்பவர்போலக் கையெழுத்திட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்த நான் ஒரு முட்டாள். அந்தக் கையெழுத்து என் வாசிப்பின்மீது தனக்கு ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்தார். நூலகத்திலிருந்து நான் திரும்பும் நேரத்தைச் சரியாகக் கணித்து வாசல் கேட்டில் நிற்பார்.

"என்ன புத்தகம் எடுத்தனீங்கள்? இஞ்ச காட்டுங்கோ."

பையைத் திறந்து காட்டுவேன். ஒவ்வொன்றாக எடுத்து, முதுகைத் தடவி, கிழிந்த பக்கம் உண்டா என்று புரட்டிப் பார்ப்பார். "இது முதலே கிழிஞ்சிருந்ததோ? அவையிட்டச் சொல்லிப்போட்டோ எடுத்தனீங்கள்?" ஒரு முறை நாவல் ஒன்றின் அட்டையில் இருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு, "உந்தக் கதையளால என்ன பிரயோசனம்?" என்றார். அவர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. அதில் கோப்பைகள், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கலைக்களஞ்சியத் தொகுதி. அதை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. பிள்ளைகளுக்கு வாங்கியது, பிள்ளைகள் கனடாவில். வாசிக்காதவரின் கையில் என் வாசிப்பு சிக்கிக்கொண்டதே என்று ஒவ்வொரு முறையும் படியேறும்போது பல்லைக் கடித்தேன். ஆனாலும் பையைத் திறந்து காட்டினேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது.

மூன்றாம் மாதம், பழைய கொழும்பின் படங்கள் கொண்ட ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் எடுத்து வந்தேன். அவருடைய தங்கை அப்போது கனடாவிலிருந்து வந்து தங்கியிருந்தார். வழக்கமான சோதனையின்போது வீட்டுக்காரர் அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி ஒருக்காப் பாக்கட்டும். நாளைக்குத் தாறன்."

நாளை வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. தவணை முடிந்தபின் கீழே போய்க் கேட்டேன். மேசையில் இருந்த பத்திரிகையை ஓரம் சேர்த்து அடுக்கினார்.

"அதில அவவின்ர பள்ளிக்கூடப் படம் இருந்தது. கொண்டு போட்டா."

"எங்க கொண்டு போனாங்க?"

"கனடாவுக்குத்தான். என்ன பிள்ளை, ஒரு பழைய புத்தகம். லைப்ரரியில ஆர் அதைத் தேடப் போகினம்?"

நான் புத்தகத்தோடு பிளேன் ஏறிவிடுவேன் என்று மூன்று வாரம் யோசித்தவர் இவர். படியேறினேன். மறுநாள் நூலகத்துக்குப் போய், புத்தகம் என் பிணையாளியிடம் இருக்கிறது, அவரிடமே கேளுங்கள் என்று நிதானமாகச் சொன்னேன். என் அட்டையை நிறுத்தி வைத்தார்கள். அவருக்கு மூன்று மொழியிலும் அச்சடித்த கடிதம் போனது.

கடிதத்தோடு அவர் முதல் முறையாக எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. "இது என்ன வேலை?" என்றார்.

"பிணைன்னா விளையாட்டில்லன்னு நீங்கதானே அங்கிள் சொன்னீங்க."

அவர் முகம் சுருங்கியதை நான் ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மாதத்தில் புத்தகம் கூரியரில் வந்து சேர்ந்தது. அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த கையோடு தன் பிணையை விலக்கிக்கொள்வதாக எழுதியும் கொடுத்துவிட்டு வந்தார். என் அட்டை ரத்தானது.

அந்தச் செய்தி எனக்கு வந்த காலை, எங்கள் வீட்டில் சமைக்க வரும் அக்கா அடுப்படியில் இருந்தார். வடகொழும்பின் நெரிசலான ஏழைக் குடியிருப்புப் பகுதியான ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வாரத்தில் மூன்று நாள் வருவார். மலையகத்தில் பிறந்து சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்துவிட்டவர். தொலைபேசியில் கணவரிடம் நான் பொரிந்து தள்ளியதைக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தார்.

"கையெழுத்துதானுங்களே? நான் போடுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இல்லக்கா, சொந்த வீடு இருக்கிறவங்கதான் போடணும்."

"சொந்த வீடுதாங்க. ஒத்தை அறை. அப்பா காலத்துக்கப்புறம் எம்பேருக்கு மாத்தியாச்சு. வரித்துண்டு எம்பேர்லதான் வருது. கொண்டாரட்டுமா?"

சிரித்த வாயை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஐந்து மாதம் என் அடுப்படியில் நின்றவரிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன்; எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. வாடகைக் குடிசை என்று நானே முடிவு செய்திருந்தேன். கீழ்வீட்டுக்காரர்மேல் நான் காய்ச்சி வைத்திருந்த வெறுப்பில் ஒரு கரண்டி எனக்கும் ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கசந்தது.

அடுத்த முறை வந்தபோது வரித்துண்டை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வைத்துக் கொண்டு வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். நூலகத்துக்கு இருவரும் நடந்தே போனோம். அதே பெண்தான் மேசையில் இருந்தார். முகவரியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே புரிந்தது. போன வாரம்வரை அது என்னுடையதாகவும் இருந்தது.

"வரித்துண்டு சரி," என்று முனகினார். "உறவுமுறை எண்ட இடம் வெறுமையா இருக்கு. அதையும் நிரப்புங்க மிஸ்."

பேனாவைப் பிடித்தபடி நின்றேன். 'வேலைக்காரி' என்றுதான் முதலில் வந்தது; அதை எழுத முடியவில்லை. 'தெரிந்தவர்' என்று எழுதினேன். அக்கா என் தோளுக்குமேல் எட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"தெரிஞ்சவங்கன்னு போட்டாப் போதுங்களா?" என்று மேசைப் பெண்ணிடம் கேட்டார்.

"போதும்," என்று அவர் முத்திரையைக் குத்தினார்.