அவரை எனக்குத் தெரியாது

லண்டனில் மோர்டன் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் பதினான்கு வருடம் இருந்தவன் நான். ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, காணியை விற்றாயிற்று, இந்த இடத்தில் மாடி வீடுகள் வரப்போகின்றன என்றார். அந்த இடத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஐம்பத்திரண்டு வயதுக்காரனைக் கூப்பிட்டு எவன் வேலை தரப்போகிறான்?

மனைவிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநாள் வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கே காணாது. வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் பெனிபிட் பணத்துக்கு விண்ணப்பிப்போம் என்று அவள்தான் சொன்னாள். நான் இரண்டு கிழமை இழுத்தடித்தேன். வெட்கமாக இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன். வெட்கமும் இருந்ததுதான், ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது பயம். அரசாங்கம் என்னைப் பற்றிக் கேள்வி கேட்கப்போகிறது என்ற பயம். இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பயத்துக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

விண்ணப்பம் முழுவதும் கணினியில்தான். வேலை செய்கிறீர்களா என்று கேட்ட இடத்தில் இல்லை என்ற பொத்தானை அமர்த்தினேன். அன்றைக்கு அது முழு உண்மை.

வேலை தேடுவோருக்கான அரசாங்க அலுவலகத்துக்கு முதல் சந்திப்புக்குப் போனபோது வாசலில் நின்ற காவலாளியைக் கண்டதும் கடவுச்சீட்டையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் இரண்டு கையாலும் நீட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குச் சந்திப்பு என்று மட்டும் கேட்டான். உள்ளே எனக்கென்று ஒதுக்கப்பட்ட அதிகாரி ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். நல்ல சிரித்த முகம். வேலை தேடுவதாக என்னிடம் கையெழுத்து வாங்கினாள். பிறகு, ஏதாவது மாறினால் உடனே கணினியில் எழுதவேண்டும், மறைத்தால் பணம் நின்றுபோகலாம் என்றாள். அரை மணி நேரம் கதைத்தவளின் கதையில் எனக்குக் கேட்டது அந்தக் கடைசி வசனம் மட்டும்தான். பணம் நின்றால் வீடு போய்விடும்.

அடுத்த கிழமையே அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. நான் லண்டனில் வந்து இறங்கியபோது தன் ஒற்றை அறையில் பாதியை எனக்குத் தந்தவர். இப்போது டூட்டிங்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார்.

"வீட்டில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருந்தா விசர்தான் பிடிக்கும். கடைக்கு வா" என்றார்.

போனேன். எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு வேலை போனால் அவனை வீட்டில் தனியே இருக்க விடமாட்டார்கள். யாருடையதோ ஒரு கடைக்குக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்தேன், கீரைக்குத் தண்ணீர் தெளித்தேன், அண்ணை சாப்பிடப் போனால் கல்லாவில் நின்றேன். பின்னேரம் ஒரு பையில் கத்தரிக்காயும் பயற்றங்காயும் போட்டுத் தருவார். காசு தந்திருந்தால் நான் அடுத்தநாள் போயிருக்கமாட்டேன், அவருக்கும் அது தெரியும். இதைக் கணினியில் எழுதவேண்டும் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. தமையன் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டினேன் என்று எவனாவது அரசாங்கத்துக்கு எழுதுவானா?

மாம்பழக் காலம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அண்ணை உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கடையின் பச்சை ஏப்ரனோடு கல்லாவில் நின்றேன். ஒரு கை மாம்பழப் பெட்டியொன்றைத் தூக்கி முன்னால் வைத்தது. நிமிர்ந்தால் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி.

"அட, நீங்களா!" என்று சிரித்தாள் அந்த அதிகாரி.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினான்கு வருடம் செய்த தொழில், எந்தப் பொத்தானை அமர்த்துவது என்று தெரியவில்லை. அவள் பொறுமையாக நின்று பெட்டியை வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விசயத்தைச் சொன்னதும் அண்ணை எச்சில் கையோடு எழும்பி வந்தார். அவருக்கு அவருடைய பயம். பதிவில்லாமல் ஆள் வைத்து வேலை வாங்கினார் என்று வழக்குப் போட்டால் கடையே போய்விடும்.

"கேட்டால் என்னைத் தெரியாது எண்டு சொல்லு" என்றார். "சாமான் வாங்க வந்தனான், சனமா இருந்தது, ஒரு கை உதவினனான் எண்டு சொல்லு. என்னட்டைக் கேட்டால் நானும் உன்னைத் தெரியாது எண்டுதான் சொல்லுவன்."

"ஓம் அண்ணை" என்றேன்.

இதில் எங்கள் இருவருக்கும் எந்த விசித்திரமும் தெரியவில்லை. இலங்கையில் எங்கள் இளவயதில் இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்களை வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருந்து தலையாட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அப்போது நாங்கள் முதலில் படித்த பாடம், பக்கத்தில் நிற்பவனைத் தெரியாது என்பது. ஒருவனைத் தெரிந்திருப்பதே குற்றம். கூடப் படித்தவனை மூன்றடி தள்ளி வைத்துக்கொண்டு நான் தெரியாது என்றேன், அவனும் என்னைத் தெரியாது என்றான். அன்றைக்கு இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை வரை நான் கடைப் பக்கமே போகவில்லை. கடிதம் விழும் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளை வான் நின்றது, அது போகும்வரை திரைச்சீலையை விட்டு விலகவில்லை. குழாய் திருத்த வந்தவனின் வான் அது. குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, உள்ளதைச் சொன்னால் என்ன? கொலையே செய்தனீங்கள்?" என்றாள் மனைவி.

"உமக்கு ஒண்டும் விளங்காது" என்று அவள்மேல் பாய்ந்தேன். விளங்காமல் இருந்தது எனக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரி வேறு எதுவும் தொடங்குவதற்கு முன்பே கேட்டாள். "அந்தக் கடைக்காரரை உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன் போலிருந்தது. சாமான் வாங்கப் போனதையும் ஒரு கை உதவியதையும் ஒப்பித்தேன்.

"முன்பு பழக்கமே இல்லையா?"

"இல்லை."

அவள் அதைக் கணினியில் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தின் சத்தமும் என் நெஞ்சில் விழுந்தது. பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரு வைத்தியசாலையின் சிற்றுண்டிச்சாலையில் கல்லாவுக்கு ஆள் தேவை.

"உங்களை அறிந்த ஒருவரின் கடிதம் கேட்கிறார்கள். உங்கள் பழைய முதலாளியிடமிருந்து பதிலே இல்லை. அந்தக் கடைக்காரர் தருவார் என்று நினைத்தேன்" என்றாள். "நண்பருக்கு உதவுவதில் பிழையில்லை. எத்தனை மணித்தியாலம் என்று எழுதினால் போதும், அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் நீங்கள் அவரைத் தெரியாது என்கிறீர்களே."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் நான் பொய்க்காரன். பொய்க்காரனுக்குப் பணம் நிற்கும், பணம் நின்றால் வாடகை நிற்கும். இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

நேரே டூட்டிங்குக்குப் போனேன். நடந்ததைக் கேட்ட அண்ணை அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து வாழைக்காய் கேட்டும் எழும்பவில்லை.

"கடுதாசியை எழுதுவம்" என்றார் கடைசியில்.

நாளுக்கு எத்தனையோ கையெழுத்து வைக்கிற மனிதர். அந்தத் தாளில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"உன்னை எனக்குத் தெரியும் எண்டு ஒரு இடத்திலையும் நான் எழுதிக் குடுத்ததில்லை, தம்பி."

வேண்டாம் அண்ணை, விடுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுதத் தொடங்கிவிட்டார். இருபத்தாறு வருடமாக இவரைத் தெரியும், நம்பக்கூடியவர், சும்மா உதவிக்கு வந்தவர், சம்பளம் வாங்கவில்லை. கீழே வைத்த கையெழுத்து அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை. கடை முத்திரையையும் இரண்டு தரம் குத்தினார்.

அடுத்தநாள் காலை சந்திப்பு எதுவும் இல்லாமலே போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். பின்வாசல் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துவைத்தேன். அவள் வந்ததும் கடிதத்தை நீட்டி, நேற்று நான் சொன்னது பொய் என்றேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தாள். மணித்தியாலங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். இதற்காகப் பணம் நிற்காது என்றாள். நான் மூச்சு விட்டேன். வைத்தியசாலை வேலைக்கு நேற்றுப் பின்னேரத்தோடு விண்ணப்பம் முடிந்துவிட்டது என்றும் சொன்னாள்.

"இருபத்தாறு வருடம்" என்றாள், கடிதத்தைப் பார்த்தபடி. "பிறகு ஏன் தெரியாது என்றீர்கள்?"

"பயம்."

"அவரைக் கண்டா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்னைக் கண்டா?" என்று கேட்டாள்.

ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியது.