மூப்பரின் மிளகாய்க்கு முழுக்கு

ராதாபுரத்துச் செம்மண்ணில் கிணற்றை நம்பிப் பிழைத்த சுவிசேஷமுத்து மூப்பர், தம்மை ஆற்றுப் பாசனக்காரர் என்றே சொல்லிக்கொள்வார். ஆற்றங்கரையில் வயல் இருந்தது அவருடைய தாய்மாமனுக்கு. சிறு வயதில் அங்கே போனவர், தாமிரபரணித் தண்ணீரில் நெற்பயிர் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று முதல், முளைத்ததெல்லாம் மூழ்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். மிளகாய்க்கும் அதே விதிதான்.

வயல் முழுக்கப் பாத்தி. கமலை மாடு மூச்சிரைக்க இறைத்த தண்ணீர் ஒவ்வொரு பாத்தியிலும் குளமாக நிற்க வேண்டும். நின்றதில் பாதியை வெயில் குடிக்கும். கோரை தன் பங்கைக் குடிக்கும். அதற்கும் மிஞ்சினால் மிளகாய்க்கு.

ஐந்தாம் ஜார்ஜுக்கு டில்லியில் தர்பார் கூட்டிய வருடம், ஐப்பசியும் கார்த்திகையும் கையை விரித்துவிட்டன. தை பிறக்கும்போது கிணற்றில் தரை தெரிய ஆரம்பித்தது. செடியோ பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. மகள் ஜெபகனிக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. வற்றல் வீடு வந்து சேர்ந்தால்தான் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பது என்று ஏற்பாடு. மனைவி சாரம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வயல் அசன் முகம்மதுவுடையது. அவர் பாத்தி கட்டவில்லை. மேட்டில் செடி, இரண்டு மேட்டுக்கு நடுவே சால். தண்ணீர் சாலுக்குள் மட்டும் ஓடியது. மூப்பர் இறைப்பதில் பாதிகூட அவர் இறைக்கவில்லை.

மூப்பர் வரப்பில் நின்று சிரித்தார். "என்ன வே, காலை மட்டும் நனைச்சா தாகம் தீருமா?"

"வேரு பையப் பையத் தேடிப் போய்க் குடிச்சிக்கிடும் அண்ணாச்சி. நம்ம மணல்வாகு மண்ணுக்குச் சாலு நீளமாப் போனாத்தான் மோசம், தலைமாட்டுலயே தண்ணி உறிஞ்சிரும். அதான் குட்டை குட்டையா வெட்டியிருக்கேன்" என்றார் அசன் முகம்மது.

மூப்பர் காதில் வாங்கவில்லை. பின்னால் நின்ற சாரம்மாள் வாங்கிக்கொண்டாள்.

"நாமளும் சால் எடுப்போமா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, செடின்னா முழுகணும்."

"மனுசனுக்குத் தலையில நாலு சொட்டு தெளிச்சாலே ஞானஸ்நானம் செல்லும்னு ஊர் ஊராப் போய் வாதாடுதிய. மொளகாய்க்கு மட்டும் முழுக்கா?"

உள்ளதைத்தான் சொன்னாள். முழுக்கு ஞானஸ்நானக்காரர்கள் ஊருக்குள் நுழைந்து சபையைக் கலைத்துக்கொண்டிருந்த சமயம் அது. அவர்களோடு வாதாட மூப்பரை விட்டால் ஆளில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வண்டியேறினார். அங்கே அதே விவாதத்துக்கு ஒரு கூட்டம்.

தெளிப்பே போதும் என்று வென்றுவிட்டுத் திரும்பியவர் வயலைப் பார்த்துத் திகைத்தார். தாயும் மகளும் பாதி வயலில் பாத்தியை உடைத்து, செடியின் தூரில் மண் அணைத்து, நடுவே சால் பறித்திருந்தார்கள்.

"இது ஒம் பாதி, அது எம் பாதி. தண்ணியும் அப்படித்தான்" என்று கத்தினார்.

அவர் பங்குத் தண்ணீர் முதல் நாலு பாத்தியை மூழ்கடித்துவிட்டுத் தீர்ந்துபோகும். அந்த நாலில் தூர் அழுகியது, மற்றதெல்லாம் கருகியது. சாரம்மாளின் பங்கு கடைசிச் செடிவரை போய்ச் சேர்ந்தது, பழமும் சிவந்தது.

தோத்திரப் பண்டிகை வந்தது. விளைச்சலின் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துச் சாட்சி சொல்லும் நாள். ஜெபகனியின் முதல் ஓலையும் அன்றுதான் வாசிக்கப்பட்டது. மூப்பர் பெருமையோடு எழுந்து, சாரம்மாள் பறித்த மிளகாய்க் கூடையைச் சபைக்கு முன்னால் வைத்தார்.

"வறண்ட வருசத்துலயும் அடியேன் ஜெபத்தைக் கேட்டு, ஆண்டவர் எங்க வயல்ல பாதியைக் காப்பாத்திக் குடுத்தாரு!"

ஆண்கள் "ஆமென்" சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து சாரம்மாள் எழுந்தாள்.

"அப்போ மத்தப் பாதிக்கு யாரு ஜெபம் பண்ணுனது?"